நடுவட்டத்தில் டீ

மூன்றுக்கு இரண்டு.
கூடலூரில் வைத்து, அவர்கள் மழையில், அவர்கள் சேற்றில்
ஜெயித்துவிட்டோம்.
ஆனாலும் ஜீப்பில் ஒருத்தனும் பாடவில்லை.

நடுவட்டத்தில் இறங்கினோம்.
ஹாலன் நாலு வர்க்கியை மேசையில் வரிசை வைத்தான்:
இது நம்ம டிஃபென்ஸ்.
சர்க்கரை டப்பா அவர்களுடைய ஒன்பதாம் நம்பர்.
டப்பா நிதானமாக நடந்து வந்தது
வர்க்கிகளுக்கு நடுவே,
யாரையும் தொந்தரவு செய்யாமல்.
"பாத்தியா? இந்தச் சந்துல லாரியே திரும்பும்."

"எர்வின் எதுக்கு மேல ஏறினான்?"
"ஏறினதாலதானே மூணாவது கோல்!"
"இறங்கினானா? அதச் சொல்லு."
ஏறுறதுக்கு இன்ஜின் போதும்,
இறங்கத்தான் பிரேக் வேணும் என்றார்
டிரைவர் சுலைமான்,
மேட்ச் முழுக்க ஜீப்பில் தூங்கியவர்.

கடைசிப் பத்து நிமிடம்
பந்து நம் பெட்டிக்குள்ளேயே வாடகைக்கு இருந்தது.
இரண்டு தடவை கம்பம் காப்பாற்றியது.
கம்பத்துக்கு ஒரு ஜெர்சி தைக்கலாம் என்றான் போஜன்.
சிரித்தோம். கொஞ்சம் சத்தமாகவே.

விசில் ஊதியதும் கோல்கீப்பர் ரத்தினராஜ்
கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான்.
சந்தோஷம் என்றுதான் நினைத்தோம்.

எல்லார் பெயரும் வந்தது,
ஸ்டாப்பர் பெயர் மட்டும் வரவில்லை.
அவன் என் தம்பி.
இரண்டு கோலும் அவன் காலுக்கடியில்தான் போனது,
எனக்குத் தெரியாதா.

அடுத்த ஞாயிறு வெலிங்டன்காரர்கள் வருகிறார்கள்.
"இங்க யார நிறுத்துறது?"
ஹாலன் விரல், நடு வர்க்கியின் மேல்.
நான் அதை எடுத்து டீயில் முக்கினேன்.
பாதி உடைந்து கீழே போனது.
மீதியைத் தின்றேன்.

வெளியே பனி.
சுலைமான் ஹாரன் அடித்தார்.