சேஸிஸ் எண்

பத்து வயதில் சாகச் சொல்லும் ஊரில்
ஐம்பது வயதுக் காரைத் தேடுகிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் நான் ஓட்டுவது மின்பேருந்து.
புறப்படும்போது ஒரு முனகல், அவ்வளவுதான்.
பின்வரிசையில் யாரோ மிட்டாய் பிரிப்பது
எனக்குக் கேட்கும்.
ஆறாவது நாள் சீருடையைத் தோய்க்கப் போட்டுவிட்டு
சுங்கை காடுட்டின் தகரக் கொட்டகைகளுக்குள்
சத்தம் தேடிப் போகிறேன்.

ஆறு வந்தன என்பது கணக்கு.
எழுபத்திரண்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து, கப்பலில்.
வேலியன்ட் சார்ஜர்.
இரண்டே கதவு. மூன்று கார்புரேட்டர்.
படுத்த சுறாவின் முதுகாகச் சரியும் பின்பக்கம்.
கணக்கு இருந்தது ஒரு ரசீதுப் புத்தகத்தில்.
சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை
மூடிய அன்று
மழைக்கு மடித்துக்கொண்டிருந்த கித்தானுக்கடியில்
பன்னிரண்டு வெள்ளிக்குக் கிடைத்தது.
கார்பன் நகல். நீல மை. ஆறு சேஸிஸ் எண்கள்.
என் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எண்
எனக்கு மனப்பாடமில்லை.

இரண்டு நசுங்கின. அதற்குத் தாள் இருக்கிறது.
நசுக்கியவரின் மகன் கையெழுத்தைக் காட்டிச் சொன்னார்:
"அப்பாவுக்கு எல்லாமே கிலோக் கணக்குதான்."

மூன்றாவதின் பானெட்
ஜூ சியாட்டில் ஒரு கஃபேயின் சுவரில்.
கோப்பி ஒன்பது வெள்ளி.
அதன் கீழே படமெடுத்துக்கொண்டிருந்த பெண்ணைச்
சற்று நகரச் சொல்லி
விளிம்புக்குள் விரல் விட்டுத் துருவைத் தடவினேன்.
கடைக்காரர் பார்த்த பார்வையில்
நான் சுவரில் ஒரு பல்லி.

நான்காவதின் எஞ்சின்
சாங்கியில், ரொஸ்லானின் படகில்.
அவர் சாவியைத் திருகினார்.
கட்டியிருந்த கயிறுகளெல்லாம் நிமிர்ந்தன.
என் விலா எலும்புக்குள் எதுவோ நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டது.
"விற்பீர்களா?"
"விற்றுவிட்டு, மீனிடம் நடந்தா போவேன்?"

ஐந்தும் ஆறும் எங்கே என்று
தாளுக்கே தெரியவில்லை.

மூன்று வருடம் ஒன்றும் இல்லை.
பிறகு குணாளன், பூச்சிமருந்து அடிப்பவன்,
நடுராத்திரியில் அழைத்தான்:
"சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு வீடு, அண்ணே.
அறைக்குள்ளே கார் நிற்கிறது.
கதவைவிட அகலமாய்."

திருமதி ஒலிவெய்ரோ செருப்பைக் கழற்றச் சொன்னார்.
காரைப் பார்க்கச் செருப்பைக் கழற்றியது
அன்றுதான்.
"ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.
டெஸ்மண்ட் ஞாயிற்றுக்கிழமை சுவர் எழுப்பினார்.
செவ்வாய்க்கிழமை ஆள் வந்தபோது
இது படுக்கையறை."

உண்மையில் படுக்கையறைதான்.
பின்னிருக்கையில் பாத்தேக் துணி விரித்து
அவர் மதியம் தூங்குகிறார்.
பானெட்டின்மேல் இஸ்திரி போட்ட சட்டைகள்.
முப்பது வருடமாய் வெயில் காணாத ஆரஞ்சு
குழாய்விளக்கில் ஈரமாய்த் தெரிந்தது.
பேட்டரி இல்லை. பெட்ரோல் இல்லை.
கண்ணாடியில் கட்டிய ஜெபமாலை மட்டும்
மின்விசிறிக்கு ஆடியது,
எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல்.

சட்டைகளை நாற்காலிக்கு மாற்றி, பானெட்டைத் தூக்கி,
கைவிளக்கோடு குனிந்தேன்.
தகடு. எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
எண்ணைப் படித்தேன்.
புத்தகத்தைப் படித்தேன்.
திரும்ப எண்ணை.

ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை.
ஏழாவது.

"நீங்கள் தேடியதுதானா?" என்றார்.
"இல்லை" என்றேன்.
என் குரலில் அவர் எதைக் கேட்டாரோ,
ஒரு தட்டில் பைனாப்பிள் டார்ட் வைத்துக் கொடுத்தார்.
"எழுதிக்கொள்ளப் போகிறீர்களா?"
பேனாவின் மூடி திறந்துதான் இருந்தது.
மூடினேன்.
சட்டைகளைத் திரும்ப அடுக்கினேன்,
காலர்கள் ஒரே பக்கமாய்.

இப்போதெல்லாம் ஓட்டும்போது
சாலையைவிட வீடுகளைப் பார்க்கிறேன்.
எது பின்னால் சேர்த்த அறை?
எந்தச் சுவருக்குச் சன்னல் இல்லை?
ஏழு இருந்தால்
எட்டு ஏன் இருக்கக்கூடாது?

மணி அடிக்கிறது. மறுபடியும் அடிக்கிறது.
"அங்கிள், என் ஸ்டாப் போயிடுச்சு."