பின்மேசைக்கு மூன்று விநாடி தாமதம்

மான்டெவிடியோ கம்பெனிக்காரன் அனுப்பிய மதிப்பீட்டை
நான்காய் மடித்து
எலுமிச்சை நறுக்கும் பலகைக்கு அண்டை கொடுத்திருக்கிறேன்.
ஐந்து டிவிக்கு ஒரே படம் கொண்டுபோக
அவன் கேட்ட தொகைக்கு
இந்தக் கூரையை இரண்டு முறை மாற்றலாம்.
கூரையோ ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

என் கையில் பதினோராயிரம் பெசோ.
அதில் ஆயிரம் இறைச்சிக்கடைக்காரனுடையது.
அவனுக்கு இன்னும் தெரியாது.

வில்மாரைக் கூப்பிட்டேன்.
பகலில் ஊரின் ஃப்ரிட்ஜ்களைப் பழுதுபார்ப்பவன்,
இரவில் என் கடையில் கடன் சொல்பவன்.
"ஒரு மடை, ஐந்து வயல்" என்றான்
தலையைச் சொறிந்தபடி.
"பார்க்கலாம், நீபியா."

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர்.
உள்ளே ஒரு வாய், வெளியே நான்கு.
மாட்டிய அன்றே எல்லாத் திரையும் மங்கியது.
ஓரத்து டிவி பழசு, பார்வை குறைவு.
அதற்குத் தெரிகிற அளவுதான்
மற்றவற்றுக்கும் கிடைக்குமாம்.
"இதென்ன நியாயம்?"
"நியாயமில்லை. கம்பி."

கிழத்தைத் தனியே பிரித்தான்.
முந்தைய முதலாளி சுவருக்குள் விட்டுப்போன
ஆன்டெனா வயரைத் தோண்டி எடுத்தான்,
எலிகள் ருசி பார்த்தது போக மிச்சம்.
ஏலத்தில் வாங்கிய ஒரு மாடுலேட்டர்.
மூன்றாம் சேனலில் படம் வந்தது,
லேசான புழுதியோடு, அரை விநாடி பிந்தி.
கழிப்பறைக்குப் போகிறவனுக்கு அது போதும்.

மிச்சம் பின்னறை.
பில்லியர்ட்ஸ் மேசை, இரண்டு பெஞ்சு, ஒலெகாரியோ.
இது தோல் கிடங்காய் இருந்த காலத்துக் கற்சுவர்.
இரண்டு டிரில் முனைகள் உடைந்தன,
மூன்றாவதை வாங்கக் காசில்லை.
"காற்றுவழி அனுப்பிவிடுகிறேன்" என்றான்.
அனுப்பினான். போய்ச் சேர்ந்தது,
மூன்று விநாடி கழித்து.

அதனால் ஜூன் மாதம் முழுக்க
முன்னறை கத்தும், பின்னறை திட்டும்.
கோல் எங்களுக்கு விழும் முன்
அவர்களுக்குச் செய்தி விழுந்துவிடும்.
கத்தாதீர்கள் என்று அட்டையில் எழுதி ஒட்டினேன்.
அட்டையின் மேல் யாரோ பீர் வைத்தார்கள்.

பிறகு சால்ட்டோவோடு இறுதி ஆட்டம்.
வெளியே மழை, உள்ளே மூன்று வாளிகள்.
பெனால்ட்டி வரை இழுத்துக்கொண்டு போனது.
கடைசி உதை நம் மைகோலுக்கு.
ரொட்டிக்கடை மகன்,
காலையில் என் கதவில் பையை மாட்டிவிட்டுப் போகிற பையன்.

நான்கு தம்ளர் தட்டோடு
இரண்டு அறைக்கும் நடுவாசலில் நின்றிருந்தேன்.
கம்பத்தில் பட்டது.
முன்னறை மொத்தமும்
வயிற்றில் குத்து வாங்கியதுபோல் ஒரு சத்தம் போட்டது.
யாரோ தொப்பியைத் தரையில் அடித்தார்கள்.

பின்னறையில் ஒலெகாரியோ
திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் திரையில் மைகோல் இப்போதுதான்
பந்தை வைத்துவிட்டு
பின்னால் நடக்கிறான்,
கையைக் காற்சட்டையில் துடைக்கிறான்,
மாவு ஒட்டியிருப்பதுபோல.
"வாடா" என்றார் மெதுவாக.
"வா, வா, ஓடி வா."
காது கேட்காதவர் இல்லை அவர்.
முப்பது வருடம் தானிய லாரி ஓட்டியவர்,
எஞ்சின் முனகுவதைக் கேட்டே
எந்தப் போல்ட் என்று சொல்லிவிடுவார்.

எந்தப் பக்கம் காலை வைப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.
தட்டில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வில்மார் வந்தான்,
இருபது மீட்டர் கேபிளும் கடன் வாங்கிய டிரில் முனையுமாக.
எங்கோ மலிவாய்க் கிடைத்ததாம்,
எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஒலெகாரியோ பெஞ்சிலிருந்து எழாமலே
பில்லியர்ட்ஸ் கோலைச் சுவரின் குறுக்கே நீட்டினார்.
"இது இப்படியே இருக்கட்டும்."

இருக்கிறது.
இப்போதெல்லாம் ஆட்டம் கடைசிக் கட்டம் வந்தால்
முன்னறையிலிருந்து ஒருவர் இருவராய்
தம்ளரோடு எழுந்து பின்னே போகிறார்கள்.
அங்கே பீருக்கு இருபது பெசோ கூடுதல் வாங்குகிறேன்.
கேட்டால்,
கூரைக்கு என்கிறேன்.