இஸ்திரிப்பெட்டியில் எட்டில் ஒரு பங்கு

ஸாவ்கான் மலைச்சரிவில் ஏப்ரலிலும் பனி.
மாலை ஐந்துக்கே காற்று திசை மாறிவிட்டது.
தலையீற்று ஆடு ஒன்று பட்டியின் மூலையில்
குட்டி போட்டு, நக்குவதா விடுவதா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறது.

கூடாரத்துக்குத் தூக்கிப் போகலாம். அடுப்பிருக்கிறது.
ஆனால் வரட்டிப் புகை ஏறிய குட்டியை
விடிந்ததும் முகர்ந்துபார்த்து
முட்டித் தள்ளும் தாய்.
போன வருஷம் ஒன்று தள்ளியது.
அந்தக் குட்டியின் தோல் இன்னும் கதவோரம் கிடக்கிறது.

ஆகவே சூடுதான் பட்டிக்கு வரவேண்டும்,
புகையில்லாமல்.

துல்மாவிடம் இருப்பது
கூரைமேல் சூரியத்தகடு நாளெல்லாம் ஊட்டிய
பன்னிரண்டு வோல்ட் பாட்டரி,
மஞ்சள் மல்டிமீட்டர்,
நகரத்து நாத்தனார் தூக்கிப்போடச் சொல்லி
இவள் போடாத பழைய இஸ்திரிப்பெட்டி.
ஆயிரம் வாட் என்று அடியில் பொறித்திருக்கிறது.
அது இருநூற்றிருபது வோல்ட் வரும் ஊரின் பேச்சு.

இரு முனையிலும் மீட்டர் ஊசியை வைக்கிறாள்:
நாற்பத்தெட்டு ஓம்.
பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி
நாற்பத்தெட்டால் வகுக்கிறாள்
மாவுச் சாக்கின் ஓரத்தில், பென்சிலால்.
மூன்று வாட்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

தடை கூடினால் சூடு கூடும் என்பான் கல்சன்.
குதிரைகளைத் தேடிப் போனவன் இன்னும் திரும்பவில்லை,
தர்க்கம் பண்ண ஆளில்லை.
வோல்ட் இறுகி நிற்கையில்
தடையைக் குறைத்தால்தான் சூடு.
மைக்காத் தகட்டிலிருந்து கம்பியைப் பிரித்து
முழம் போடுகிறாள். எட்டு முழம்.
முழத்துக்கு ஆறு ஓம்.
ஒரு முழம் வெட்டினால் இருபத்துநாலு வாட்,
இரண்டு ஆம்பியர்.
வெட்டியதைச் சுற்றி மறுபடி பெட்டிக்குள் வைத்து,
மேலே கம்பளத்தை இரண்டாய் மடித்துப் போட்டு
குட்டியைக் கிடத்துகிறாள்.

பாட்டரி எழுபது ஆம்பியர்-மணி.
இந்தக் குளிரில் பாதிதான் அதன் பேச்சு. முப்பத்தைந்து.
இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை
இந்தப் பெட்டிக்கு இருபது,
பல்புக்கும் ரேடியோவுக்கும் பத்து.
மிச்சம் ஐந்து. சரியாக வருகிறது.

அப்போது ஆடு மறுபடி முனகியது.
முதல் குட்டியைவிடச் சிறியது,
ஈரமாய், மூக்கு நீலம்பாரித்து
இன்னொன்று.

இன்னொரு முழத்தைப் பக்கத்தில் இணைத்தால்
தடை மூன்று ஓம், வாட் நாற்பத்தெட்டு,
ஆம்பியர் நாலு, பத்து மணிக்கு நாற்பது.
கணக்கு உதைத்தது.
பல்பை நிறுத்தினாள், ரேடியோவை நிறுத்தினாள்.
அப்போதும் ஐந்து உதைத்தது.
ஐந்து என்றால் இரண்டாம் கம்பிக்கு இரண்டரை மணி நேரம்.
நாலரைக்கு அதைக் கழற்றிவிட்டால்
ஏழு வரை தாய் பார்த்துக்கொள்ளட்டும்.
தாய்க்கு எத்தனை வாட் என்று
எந்தப் பெட்டியின் அடியிலும் பொறித்திருக்காது.

இருட்டில் தடவி முனைகளைச் சேர்க்கிறாள்.
ஒரு பொறி.
அந்தக் கணத்தில் இரண்டு முதுகுகள் தெரிந்தன,
தலைகள் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மீட்டர் பதினொன்று புள்ளி ஆறு காட்டியது.
வோல்ட் கொஞ்சம் இறங்கினால்
வாட் அதைவிட அதிகம் இறங்கும்,
நாற்பத்தெட்டு இல்லை இப்போது, நாற்பத்தைந்துகூட இல்லை.
மறுபடி போட வேண்டும் கணக்கை.
பென்சில் எங்கோ வைக்கோலில் விழுந்துவிட்டது.
தேடக் குனிந்தவளின் மணிக்கட்டில்
சின்னக் குளம்பொன்று
ஓங்கி உதைத்தது.