பதினான்காம் கூண்டின் அட்டை

லூகோ நகரத்து மதிலைத் தாண்டி
மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால்
எங்கள் காப்பகம்.
அறுபத்து மூன்று நாய்கள்.
கூண்டுகளில் தொங்கும் அட்டைகளை எழுதுவது நான்.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
உக்ஸியா என் தலையில் கட்டிய வேலை.

ஆறு வருஷத்தில் அதற்கென்று ஒரு பாஷை வந்துவிட்டது.
'சுறுசுறுப்பானது' என்றால் சோபாவைத் தின்னும்.
'தனியாக வளர ஏற்றது' என்றால்
வேறு நாயைக் கண்டால் பாயும்.
'அமைதியானது' என்று எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் நிற்கும்.
குரைத்துப் பார்த்துச் சலித்துவிட்டது
என்பதை அப்படித்தான் எழுதுகிறோம்.

பதினான்கில் ரோக்கே.
வேட்டைக்காலம் முடிந்த ஒரு பிப்ரவரியில்
பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் குழாயோடு
கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
இடது காதில் ஈயக்குண்டு போன துளை.
வெயிலடிக்கும் அபூர்வ நாட்களில் அதன் வழியே
கழுத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும்.
மூன்று வருஷமாக அதன் அட்டையில்
'அமைதியானது'.

போன ஞாயிறு எலாதியோ குடும்பத்தோடு வந்தார்.
பால் லாரி ஓட்டுகிறவர்.
பையன் ப்ராய்ஸுக்கு ஏழு வயது,
பாக்கெட் நிறையச் சுட்ட செஸ்நட்.
ஒவ்வொரு கூண்டிலும் நின்று தன் பெயரைச் சொன்னான்.
ரோக்கேயிடம் சொன்னபோது
அது எழுந்து கம்பிவரை வந்து
அவன் பெயரை மோந்து பார்த்தது.
எனக்கு உள்ளே தடதடவென்றது.
எலாதியோ அட்டையைப் படித்து
"ஒன்பது வயதா?" என்றார்.
"பத்து" என்றேன்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளைப் பாதக் குட்டியை எடுத்துப் போனார்கள்.
நல்லவர்கள். பழைய கம்பளி கொண்டு வந்திருந்தார்கள்.
கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?
ஆறு வருஷமாக நானே
ஒன்றையும் வீட்டுக்குக் கூட்டிப்போனதில்லை.
வாடகை வீடு, மூன்றாம் மாடி என்பேன்.
அதுவும் அட்டைப் பாஷைதான்.
ஒன்றைக் கூட்டிப்போய்விட்டு
திங்கட்கிழமை காலையில்
மற்ற அறுபத்திரண்டின் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று மாலை குட்டியின் கிண்ணத்தைக் கழுவிவிட்டு
பதினான்காம் அட்டையைக் கழற்றினேன்.
புதிதாக எழுதினேன்:

ரோக்கே. வயது பத்து; பதினொன்றாகவும் இருக்கலாம்.
குறட்டை விடும்.
ரொட்டி திருடும், தின்னாமல் ஒளித்துவைக்கும்.
கூப்பிட்டால் வராது. கூப்பிடாதபோது வரும்.
குடையைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும்.
பாதி வருஷம் மழை பெய்யும் ஊரில்
இது சின்ன விஷயமல்ல.
யோசித்து எடுங்கள்.

உக்ஸியா படித்தாள்.
"இனி இது இங்கேயேதான் சாகும்."
ஆனால் அட்டையை அவள் கழற்றவில்லை.

வியாழக்கிழமை நல்ல மழை.
ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் ஒப்துலியா
இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.
மடியில் அடங்குகிற மாதிரி வேண்டும் என்றாள்.
அப்படி ஆறு காட்டினேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்,
துணிக்கடையில் வாங்கப்போகாதவர்கள் ஆட்டுகிற மாதிரி.

திரும்பும் வழியில் பதினான்கின் முன் நின்றாள்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
உதடு அசைய அசைய முழுவதும் படித்தாள்.
குறட்டை வந்த இடத்தில் சிரித்தாள்.
பிறகு தன் கையைப் பார்த்தாள்.
மடக்கிய குடை, சொட்டிக்கொண்டிருந்தது.
சுவரோரம் ரோக்கே.
தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள்.
கேட் திறந்தது, மூடியது.
துடைப்பம் எடுக்கப் போனேன்.
இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வந்து பார்த்தால்
தலை நனைந்து, கோட் நனைந்து,
இரண்டு கையும் வெறுமையாக
கூண்டுக்கு முதுகைக் காட்டித்
தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.
திரும்பாமல், மெதுவாக, என்னிடம் கேட்டாள்:
"கூப்பிடக் கூடாது, இல்லையா?"