காலி கேன்

முப்பத்தொன்று.
பக்கத்தில் கீழே பார்த்த ஓர் அம்புக்குறி.
கல்மண்டபம் லேபில் அந்தப் பெண்
கவரை ஒட்டாமலே நீட்டினாள்.
பஸ் வருவதற்குள் படித்து முடித்தேன்.
மற்ற எண்கள் ஏறினால் திட்டு விழும்,
எச்.டி.எல். மட்டும் இறங்கினால்.

டாக்டர் ஷெரின் பேனாவை எடுத்தார்.
"நல்லது கெட்டதுன்னு பிரிச்சுக்க வேணாம் ஜெசிந்தா,
கொழுப்பு கொழுப்புதான்.
கொண்டுவந்து இறக்குற வண்டி ஒண்ணு,
மிச்சத்தை ஏத்திக் கல்லீரலுக்குத் திருப்புற வண்டி ஒண்ணு.
உங்க கிட்ட ரெண்டாவது கம்மி."
மருந்துச்சீட்டின் பின்னால் ஒரு குழாய் வரைந்தார்.
சுவரோரம் புள்ளி, புள்ளி, புள்ளி.
ஒரு புள்ளியில் பேனா நின்றுவிட்டது.
அண்ணனின் ஃபைலும் அவரிடம்தான் இருக்கிறது.

வீடு திரும்பினால் மாடிப்படியில்
தேசிங்கு வராத ஒன்பதாம் நாள்.
அவனுக்குப் பதில் வருகிற பையன்
தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றி வருவான், வைப்பான், போவான்.
"காலி எடுக்கச் சொல்லி எனக்குச் சொல்லலக்கா."
முதலில் கதவுக்கு ஒன்று.
பிறகு திருப்பத்தில் மூன்று, நான்கு, ஒன்றன்மேல் ஒன்று.
நேற்று நிர்மல் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் போனான்.
இன்று நான் பக்கவாட்டில் ஏறினேன், நண்டு மாதிரி.
ராத்திரி துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தால்
மூடியில்லாத வாயெல்லாம் சேர்ந்து
ஊ... என்கிறது.

அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து
மூன்று மாடி இறக்கிய ராத்திரி
படி சுத்தமாகத்தான் இருந்தது.
அடைத்திருந்தது வேறிடம்.

டாக்டர் சொன்னதில் துருவும் வந்தது.
சுவருக்குள் மாட்டிக்கொண்ட கொழுப்பு
எங்கள் பால்கனிக் கம்பி போலத் துருப்பிடிக்குமாம்.
துருவைத் தின்ன ஓடிவரும் வெள்ளையணுக்கள்
தின்று தின்று நகரமுடியாமல்
நுரைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுமாம்.
அப்போது சின்னதாக ஒன்று அருகில் போய்
கொடு, நான் தூக்குகிறேன் என்று
பாரத்தை வாங்கிக்கொள்ளுமாம்.
துரு ஏறுவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுமாம்.
புண்ணின் சூட்டையும் தணிக்குமாம்.
இத்தனையும் பார்க்கிற ஒன்றுக்குப் பெயர் என்னவோ
மூன்று எழுத்து, இரண்டு புள்ளி குறைந்தால் சிவப்பு மை.

"ஏத்திவிட மாத்திரை இல்லையா?"
"எண்ணை ஏத்திப் பாத்தாங்க.
மாரடைப்பு ஒண்ணும் குறையல.
எத்தனை ஆளுங்கறது இல்ல,
தூக்குறாங்களாங்கறதுதான்.
நடங்க. இன்னொண்ணுக்கு மாத்திரை எழுதறேன்,
அதை நிறுத்திடாதீங்க."

சாப்பிட்டேன். டிவி ஓடியது.
ஒன்பதரைக்கு எழுந்து கதவைத் திறந்து
கழுத்தில் விரல் கோத்து இரண்டிரண்டாக
இறக்கத் தொடங்கினேன்.
பத்தாவது நடையில் மூச்சு வாங்கியது.
இரண்டாம் மாடி வாத்தியார் எட்டிப் பார்த்து
"அசோசியேஷன்ல சொல்லலாமே" என்றார்,
கதவைச் சாத்தினார்.

முப்பத்தொன்று இதனால் முப்பத்திரண்டு ஆகாது.
கேட்டோரம் இருபத்தாறு கேன்.
காலையில் தேசிங்கு வந்தாலும் வரலாம்,
தங்கச்சி கல்யாணம் என்றுதான் கேள்வி.

அன்று காற்று வந்தது.
ஊதுவதற்குப் படியில் எதுவுமில்லை.
தலையணையில் அழுந்திய காதுக்குள் மட்டும்
ஏதோ போய்க்கொண்டும்
வந்துகொண்டும் இருந்தது.