ஐந்து மணிக்காரர்

பகாவ் கடைத்தெருவில்
டயர் கடைக்கு மேல்மாடி என் அறை.
கீழே ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றும் சத்தம்.
மேலே நாங்களும் அதைத்தான் செய்கிறோம்,
கொஞ்சம் மெதுவாக.

வியாழக்கிழமை வருகிறவரின் பெயரை
இங்கேகூட எழுத மாட்டேன்.
செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கர்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
குலையைக் கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்து வருவதைத்தான் எழுதுவோம் என்றார்.
மனைவி இறந்து பதினோரு மாதம்.
தன்னிடம் எவ்வளவு கழிந்தது என்று
அவருக்குக் கணக்கு வரவில்லை.

ஒருநாள் சிரித்தார். முதல் தடவை.
குறிப்பேட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.
பேனா அந்தச் சொல்லின்மேல்
இன்னொரு முறை போய்வந்தது.

அப்புறம்தான் கவனித்தேன்.
மூன்று மணியை ஐந்துக்கு மாற்றியது நான்.
அவருக்குப் பின்னால் யாரையும் வைக்காததும் நான்.
புதன் இரவு மட்டும்
சுடிதாருக்கு இஸ்திரி போடுகிறவளும்
நான்தான் போலிருக்கிறது.

சிரம்பானில் என் மேற்பார்வையாளர் புவான் ரொகாயா.
மாதம் ஒருமுறை பார்ப்பது வழக்கம்,
நடுவில் அழைத்தேன்.
ஏசவில்லை.
"எத்தனை நிமிடம் கூடுதலாக இருந்தார்?"
பத்து. பதினைந்து. போன வாரம் இருபத்தைந்து.
கடன்காரரிடம் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோலச் சொன்னேன்.
"வரும். வந்தால் என்னிடம் கொண்டு வா.
அவரிடம் கொண்டுபோகாதே."
அழுதேனா என்றால் இல்லை.
பசித்தது. ஒட்டுக்கடையில் மீ கோரெங் கட்டி
காரிலேயே தின்றேன்.

சனிக்கிழமை பசார் மாலாமில் அவர்.
ரம்புத்தானுக்குப் பேரம்,
தோளில் தூங்கும் மகள்.
வெளியில் பார்த்தால்
அவராகப் பேசும்வரை நான் தெரியாதவள்,
முதல் நாளே சொல்லிவைத்த விதி.
அவர் என்னைப் பார்க்கவே இல்லை.
நான் கருவாட்டுக் கடைப் பக்கம் திரும்பி
வேண்டாத நெத்திலி கால் கிலோ வாங்கினேன்.

அடுத்த வியாழன், மூன்று மணி.
கசங்கிய சுடிதார். கடிகாரம் எனக்கு நேரே.
"ஏன் மேடம் நேரத்த மாத்திட்டீங்க?"
சொல்லக்கூடிய அளவு உண்மையைச் சொன்னேன்:
"முன்னாடி மாத்தினதுதான் தப்பு. என் தப்பு."
சரி என்று தலையாட்டிவிட்டு
அவள் துணி அலமாரியைப் பற்றிப் பேசினார்.
இன்னும் திறக்கவில்லையாம்.
சாவி பீரோமேல் இருக்கிறதாம், மகளுக்கு எட்டாத உயரத்தில்.

முழுதாகக் கேட்டேன் என்று சொல்ல ஆசை.
நடுவில் ஒருதடவை
அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டேன்.
அதையும் ரொகாயாவிடம் சொல்ல
எழுதி வைத்திருக்கிறேன்.