பதினொரு விநாடி

மூன்றாம் கட்டத்தில், பனிச்சரிவில்
செத்துப்போகிறவள்.
திரையில் அவளுக்குப் பதினொரு விநாடி.
எனக்கு அவளோடு ஆறு கிழமை.

சுரங்கப் பொறியாளர், வயது முப்பத்தாறு
என்கிறது குறிப்பு.
அதன் கீழே எத்தியேன் ஒரு வரி சேர்த்திருக்கிறான்:
'இன்னும் கொஞ்சம் பெண்மை.'

எந்த எலும்பில் இருக்கிறது அது?
புருவ மேட்டைத் தேய்த்தேன்.
நெற்றியை உருட்டினேன்.
தாடையில் அரை மில்லிமீட்டர் எடுத்தேன்,
பிறகு இன்னொரு அரை.
மூக்கு நுனியைச் சற்றே தூக்கினேன்.
'நல்லா வருது' என்றான், 'இன்னும் கொஞ்சம்.'
உதடு தடித்தது. கண் பெருத்தது.
வெள்ளி பின்னேரம் பார்க்கிறேன்,
சவர்க்கார உறையிலிருந்து ஒருத்தி சிரிக்கிறாள்.
சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காதவள்.
ஒரு தும்மல்கூட வந்திராதவள்.

இடக்கன்னத்தைத் தொட்டால்
வலக்கன்னமும் தானே அசைகிற
கண்ணாடிப் பொத்தான் ஒன்று எங்கள் கருவியில் உண்டு.
அதை அணைக்க எனக்குப் பயம்.
அணைத்தால் ஒவ்வொரு பிழையும்
தனித்தனியே என்னுடையதாகிவிடும்.

சனிக்கிழமை மொன்றியலில்
சைபருக்குக் கீழே இருபத்திரண்டு.
ஜோன் தலோன் தெருவில்
புடவைக்கடைக்கு அடியில் இருக்கிற நிலவறைக்கு
புருவம் எடுக்கப் போனேன்.
சாய்கதிரை. கழுத்துக்குக் கீழே ஈரத் துவாய்.
நூலின் ஒரு நுனி சுகிர்தமலரின் பல்லில்.
புருவம் முடிந்து மேலுதட்டுக்கு வந்தபோது
கண்ணைத் திறந்தேன்.

ஒரு சாண் உயரத்தில்
தலைகீழாக ஒரு முகம்.
நாடி மேலே, நெற்றி கீழே.
கவிழ்த்துப் பார்க்கையில்
முகம் முகமாக இராது, மேடும் பள்ளமும்தான்.
நாங்களும் திரையில் அப்படித்தான் கவிழ்ப்போம்.

மூக்குத் துவாரம் ஒன்று உளுந்து, மற்றது கடலை.
இடக்கண் மடல் வலதைவிடக் கொஞ்சம் சோம்பல்.
அகன்ற தாடை.
நூலைக் கடிக்கிற பக்கம் மட்டும்
தசை திரண்டு, தளர்ந்து, மறுபடி திரள்கிறது.
ஒன்பது வருடக் கடி.
ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் மயிர் பிடுங்குபவளின் நாடியில்
இரண்டு கறுத்த மயிர், அசையாமல்.
கதவைத் திறந்த யாரோ விலை கேட்டார்கள்.
பல்லில் நூலோடு
புருவத்தாலேயே பதில் சொன்னாள்.
எத்தனை டொலர் என்று எனக்கே விளங்கியது.

எனக்குக் கண்ணீர் வந்தது.
மேலுதட்டில் நூல் போட்டால்
யாருக்கும் வரும்தான்.

திங்கள் காலை பொத்தானை அணைத்தேன்.

அவள் முகத்தை எடுக்கவில்லை. அது களவு.
கடியை மட்டும் எடுத்தேன்.
என் பொறியாளர்
இரண்டு கையும் குழாயில் இருக்கையில்
டோர்ச்சைப் பல்லில் கவ்வுகிறவள் என்று
நானாகவே தீர்மானித்தேன்.
இடப்பக்கத் தாடைக்கு ஒன்றரை மில்லிமீட்டர்
திருப்பிக் கொடுத்தேன்.
அதற்கு ஏற்றபடி வாயின் ஓரம் இறங்கியது.
கன்னக் கொழுப்பு நகர்ந்தது.
கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் தானாக வந்தது,
வரட்டும் என்று விட்டேன்.
நெற்றியில் தலைக்கவசம் அழுத்திய கோடு,
மேலுதட்டின் மேல்
விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மட்டும் தெரிகிற பூனைமயிர்.

எத்தியேன் நெடுநேரம் பார்த்தான்.
சுட்டியால் அவளைச் சுற்றினான், நிறுத்தினான், சுற்றினான்.
'தாடை...' என்று தொடங்கி
தன் தாடையைத் தடவிக்கொண்டான்.
'உனக்குத் தெரிந்த ஆளா?'
இல்லை என்றேன்.
'எனக்குத் தெரிந்த ஆள்போல இருக்கு.'
கோப்பி எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை.

குறிப்பில் அந்த வரி
இன்னும் அழியாமல்தான் இருக்கிறது.
மாலை ஐந்தரைக்கு அவளை
பனிச்சரிவு செய்கிற பிரிவுக்கு அனுப்பினேன்.
அனுப்புமுன்
நாடியில் ஒரு மயிர் நட்டேன்.
பதினொரு விநாடியில் யார் காணப்போகிறார்கள்.